டர்பன் அலுவலகத்துக்குப் பிடிஎஃப்: எதைப் போடுவது, எப்படிப் போடுவது

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வாடிக்கையாளருக்குப் பிடிஎஃப் ஒன்று போனது. அதில் லாரி ஓட்டுநர் ஒருவரின் அடையாள எண் இருந்தது. அனுப்பியவர் பொறுப்பானவர். அந்த 13 இலக்கங்களின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்துவிட்டுத்தான் அனுப்பினார். மறுநாள் காலை அங்கிருந்து போன் வந்தது. கட்டத்தின் மேல் மவுஸை இழுத்துக் காப்பி செய்து வேறெங்காவது ஒட்டினால் எண் அப்படியே வந்து விழுகிறது என்றார்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. ஆக ஒரு மனிதரின் எண்ணும் பிறந்த நாளும் எங்கள் கையிலிருந்து வெளியே போய்விட்டன.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் அதை என் தவறாகவே எடுத்துக்கொண்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தலைமை அலுவலகம், பைன்டவுனில் கிடங்கு, ஜோஹன்னஸ்பர்க் சிட்டி டீப்பில் ஒரு கிளை. மொத்தம் 70 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள். சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் தொழில் என்பதால் காலை முதல் மாலை வரை பிடிஎஃப்தான் எங்கள் பிழைப்பு. ஆனால் யார் எதை வைத்து அதைத் திறக்கிறார்கள் என்று நான் அதுவரை கணக்கெடுத்ததே இல்லை. அன்று எடுத்தேன். ஐந்து வகை மென்பொருள்கள் இருந்தன. சில கம்ப்யூட்டர்களில் இரண்டு மூன்று ஆண்டுகளாக அப்டேட்டே ஆகவில்லை. அதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறு. இரண்டு ஃபைல்களைச் சேர்க்கவும் வேர்டாக மாற்றவும் பலர் ஏதோ ஒரு இலவச இணையதளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டு, இன்வாய்ஸ், ஊழியர்களின் சம்பளச் சீட்டு உட்பட எல்லாமே போயிருக்கிறது.

இங்கே எல்லாரும் போப்பியா என்று சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறியது. 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்து, ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு 2021 ஜூலை 1 முதல் கட்டாயமானது. அபராதம் 1 கோடி ராண்டு வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், அந்த ஓட்டுநர் நம்மை நம்பித்தானே தன் எண்ணைக் கொடுத்தார்!

அப்போதுதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கினேன். ஐம்பது நூறு கம்ப்யூட்டர்களை ஓரிருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். பெரிய வங்கிகளின் தேவை வேறு.

முதலில் ஒரு தவறைச் செய்தேன். மென்பொருள்களின் வசதிப் பட்டியலை வரிசையாக வைத்து ஒப்பிட்டேன். ஒரு வாரம் வீணானது. அப்புறம் ஆட்களை வகை பிரித்தேன், விஷயம் உடனே தெளிந்தது. கிடங்கில் இருப்பவர்கள் பிடிஎஃப்பைத் திறப்பார்கள், பார்ப்பார்கள், அச்சிடுவார்கள், அவ்வளவுதான். கிளியரிங் மேசையில் இருப்பவர்கள் படிவம் நிரப்புவார்கள், குறிப்பு எழுதுவார்கள், கையெழுத்திடுவார்கள். ஆவணப் பிரிவு, கணக்கு, மனிதவளம் ஆகிய மூன்றிலும் சேர்த்து 12 பேர்தான் வெட்டி, ஒட்டி, ஸ்கேனை எழுத்தாக்கி, தகவலை மறைத்து அனுப்புகிறவர்கள். காசு கொடுத்து வாங்கவேண்டியது அந்த 12 பேருக்கு மட்டுமே. 70 பேருக்கும் ஒரே மென்பொருள் என்று விற்க வருபவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பிரவுசர் மட்டும் போதுமா? கிடங்குக்குப் போதும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் ஏற்கெனவே எல்லா விண்டோஸிலும் இருக்கிறது, தனியாக நிறுவ ஒன்றுமில்லை, பிரவுசர் அப்டேட் ஆகும்போது பிடிஎஃப் பகுதியும் சேர்ந்தே அப்டேட் ஆகிவிடும். நெட்வொர்க் ஆளுக்கு இதைவிட நிம்மதி வேறு எது? ஆனால் கிளியரிங் மேசையில் இது நின்றுபோனது. எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவங்கள் இன்னும் எங்கள் கைக்கு வருகின்றன. 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் அந்த வகையைக் கைவிட்டுவிட்டது. பழைய படிவங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எட்ஜில் திறந்தால் 'தயவுசெய்து காத்திருங்கள்' என்று ஒற்றைப் பக்கம் வரும், எவ்வளவு காத்திருந்தாலும் படிவம் வராது. எங்கள் ஆவணப் பிரிவின் தலைவி, டர்பனில் பிறந்து வளர்ந்த அக்கா, ஒரு முறை அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "தம்பி, இன்டர்நெட் போயிடுச்சா?" என்று கேட்டார். கேட்டதில் தவறே இல்லை. ஃபைலில் எழுதியிருப்பதே அதுதான்.

சுமாத்ரா பிடிஎஃப் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. திறந்த மூல மென்பொருள், சின்னது, பழைய கம்ப்யூட்டரிலும் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். எந்தக் கணக்கில் சேர், எதை வாங்கு என்று ஒரு தொந்தரவும் கிடையாது. எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்று ஒரு சிறிய அமைப்பு ஃபைல் வைத்தே கட்டுப்படுத்தலாம். ஆனால் படிவம் நிரப்பவோ சான்றிதழ் வைத்துக் கையெழுத்திடவோ முடியாது. எட்ஜ் தாங்காத நான்கு பழைய கிடங்கு கம்ப்யூட்டர்களில் மட்டும் வைத்திருக்கிறேன்.

அடோபி ரீடரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லவேண்டும். கனமானது, மெதுவாகத் திறக்கும், கட்டண வசதிகளை இடைவிடாமல் முன்னே நீட்டும் என்று பலரும் குறைபடுவார்கள். எல்லாமே உண்மை. ஆனாலும் கிளியரிங் மேசைக்கு அதையே தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்எஃப்ஏ படிவம் அதில் திறக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரியது: மையத்திலிருந்து அதை எவ்வளவு இறுக்க முடியும் என்பதில் மற்ற எதுவும் அதற்கு ஈடாகத் தெரியவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அடோபியின் பாலிசிப் பகுதிக்குள் ஃபீச்சர்லாக்டவுன் என்று ஒரு கிளை உண்டு. அங்கே வைக்கும் மதிப்பை ஊழியர் தன் பக்கத்திலிருந்து மாற்ற முடியாது.

நான் அங்கே வைத்தவை ஐந்தே ஐந்து. பிடிஎஃப்புக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதை நிறுத்தினேன். பல ஆண்டுகளாகப் பிடிஎஃப் வழியே வந்த தாக்குதல்களில் நிறைய அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை. படிவத்துக்குள் கூட்டல் கணக்கு ஓட அது வேண்டும் என்றால், அந்தப் படிவங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் நம்பகமானது என்று குறிக்கலாம். 2010-இல் ரீடர் எக்ஸுடன் வந்த பாதுகாப்பு முறையை, அதாவது ஃபைலைத் தனிக் கூண்டுக்குள் வைத்துத் திறக்கும் ஏற்பாட்டை, யாரும் அணைக்க முடியாதபடி பூட்டினேன். கட்டண வசதிகளை முன்னே நீட்டுவதை அடக்கினேன். கிளவுடில் சேமிக்கும் வழிகளை மூடினேன். 2024-இல் வந்த செயற்கை நுண்ணறிவு உதவியாளரையும் நிறுத்தினேன். ஃபைலில் இருப்பதைச் சுருக்கிச் சொல்லும் வசதி நல்லதுதான். ஆனால் வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் எந்தச் சர்வருக்குப் போகிறது என்று என்னால் பதில் சொல்ல முடியாத வரை அது எங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். அடோபியின் பொதுப் பக்கத்தில் ஊழியர்கள் டவுன்லோடு செய்யும் இன்ஸ்டாலர் வேறு, நிறுவனங்களுக்கான இன்ஸ்டாலர் வேறு. இரண்டாவதை எடுத்து, கஸ்டமைசேஷன் விசார்ட் என்ற இலவசக் கருவியில் திறந்து, மேற்படி அமைப்புகளைக் குறித்துச் சேமித்தால் நம் மாற்றங்களைத் தாங்கிய எம்எஸ்டி ஃபைல் ஒன்று கிடைக்கும். அதைச் சேர்த்து நிறுவினால் முதல் நாளிலிருந்தே எல்லாம் நாம் சொன்னபடி இருக்கும்.

இனி அந்த 12 பேர். அக்ரோபாட் புரோ, ஃபாக்ஸிட் எடிட்டர், பிடிஎஃப் எக்ஸ்சேஞ்ச் எடிட்டர் ஆகிய மூன்றையும் இரண்டு இரண்டு வாரம் ஆவணப் பிரிவில் ஓடவிட்டுப் பார்த்தேன். பக்கங்களைச் சேர்ப்பது, பிரிப்பது, முத்திரை வைப்பது போன்றவற்றில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்றிலும் உண்மையான ரிடாக்‌ஷன் இருக்கிறது. அதாவது கறுப்புப் பெயின்ட் அடிப்பதோடு நிற்காமல், அடியில் இருக்கும் எழுத்தையே ஃபைலிலிருந்து எடுத்துவிடுவது. எங்களுக்கு உயிரான சோதனை அதுதான். குறித்த பிறகு 'அப்ளை' கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் வெறும் குறிதான். அப்ளை செய்து, வேறு பெயரில் சேமித்து, மீண்டும் திறந்து, அந்த எண்ணைத் தேடிப் பார்த்து, கட்டத்தின் மேல் இழுத்துக் காப்பி செய்து பார்க்கவேண்டும். இதை ஒரு தாளில் எழுதி 12 மேசைகளிலும் ஒட்டியிருக்கிறோம்.

விலையில்தான் வேறுபாடு. அக்ரோபாட் ஒவ்வொருவருக்கும் சந்தா. ஃபாக்ஸிட்டும் சந்தாவையே முன்னே வைக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஒரு முறை வாங்கினால் அந்தப் பதிப்பு நம்முடையது. பராமரிப்புக் காலம் முடிந்தால் புதிய பதிப்பு கிடைக்காது, கையில் இருப்பது ஓடும். இங்கே இருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. மென்பொருள் விலை டாலரில் தீர்மானமாகிறது, நமக்கு வருமானம் ராண்டில். 2011-இல் ஒரு டாலருக்கு ஏழு ராண்டு அளவில் இருந்தது, 2023-இல் 19-ஐத் தாண்டியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய சந்தா என்றால் அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் நம் தலையில்தான். எனவே பத்துப் பேருக்கு எக்ஸ்சேஞ்ச் உரிமம் வாங்கினோம். படிவங்களை உருவாக்கி வெளியே அனுப்பும் இரண்டு பேருக்கு மட்டும் அக்ரோபாட். எக்ஸ்சேஞ்சை உரிமம் இல்லாமலும் நிறுவலாம், ஆனால் கட்டண வசதி எதையாவது தொட்டால் பக்கத்தில் அடையாள முத்திரை விழும். அதோடு ஒரு ஃபைல் சுங்கத்துக்குப் போனால் நன்றாக இருக்காது.

இணையதளங்களில் ஏற்றும் பழக்கத்துக்கு மாற்றாக மற்ற எல்லாருக்கும் பிடிஎஃப்24 கிரியேட்டரைப் போட்டேன். ஜெர்மனியிலிருந்து வருவது, அலுவலகங்களுக்கும் இலவசம், மையத்திலிருந்து நிறுவ உதவும் எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் வடிவிலும் கிடைக்கிறது. ஃபைல் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமலே சேர்க்கலாம், பிரிக்கலாம், அளவைக் குறைக்கலாம். அதே பெயரில் இணையதளமும் உண்டு. டெஸ்க்டாப்பில் இருப்பதைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று ஊழியர்களுக்கு ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2002-ஆம் ஆண்டு மின்தொடர்பு, மின்பரிவர்த்தனைச் சட்டப்படி சாதாரண மின்கையொப்பம் வேறு, அங்கீகாரம் பெற்ற சான்றிதழுடன் கூடிய மேம்பட்ட மின்கையொப்பம் வேறு. கையெழுத்து வேண்டும் என்று சட்டமே கேட்டு, எந்த வகை என்று சொல்லாத இடத்தில் இரண்டாவதுதான் செல்லும். கையெழுத்தின் படத்தைப் பக்கத்தில் ஒட்டுவது இந்த இரண்டாவது வகையில் வராது. உங்கள் அலுவலகத்தில் யாருக்கு எது தேவை என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, எதைப் போடுவது என்று முடிவானது. எப்படிப் போடுவது என்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது.

கம்ப்யூட்டர்களையும் ஊழியர் கணக்குகளையும் மையத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி எங்களிடம் இருப்பதால், அதன் அமைப்புகளை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தள்ளும் குரூப் பாலிசி வழியே அனுப்புவதுதான் செலவில்லாத வழி. அதில் மூன்று இடங்களில் முட்டிக்கொண்டேன். ஒன்று, அடோபி இன்ஸ்டாலரைப் பிரித்தால் உள்ளே அடிப்படை எம்எஸ்ஐயும் அதன் மேல் ஒட்டவேண்டிய எம்எஸ்பி என்ற அப்டேட் ஃபைலும் இருக்கும். எம்எஸ்பியைக் குரூப் பாலிசி நேரடியாக ஏற்காது. எனவே மென்பொருள் நிறுவல் பகுதியை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்தேன். ஏற்கெனவே நிறுவியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் ஓசையில்லாமல் நிறுவும். இரண்டு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. மாலையில் அணைத்துக் காலையில் போட்டாலும் அந்த ஸ்கிரிப்ட் ஓடாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால்தான் ஓடும். பைன்டவுனில் பாதிக் கம்ப்யூட்டர்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்று நாள் தேடி இதைக் கண்டுபிடித்தேன். குரூப் பாலிசி வழியே ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பை வைத்து அதை அணைத்துவிடலாம்.

மூன்றாவது சிட்டி டீப். இணைப்பு வேகம் 500 கிலோபிட்டுக்குக் கீழே என்று கணித்தால் குரூப் பாலிசி மென்பொருள் நிறுவலைத் தானாகவே தவிர்த்துவிடும். ஸ்கிரிப்ட் என்றாலும் நூற்றுக்கணக்கான எம்பியை டர்பனிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக இழுத்தால் கிளையின் வேலையே நின்றுவிடும். எனவே ஃபைல்களை அங்கே இருக்கும் சர்வரில் ஒரு முறை வைத்து, கிளைக் கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து எடுக்கும்படி செய்தேன். இரவில் அனுப்பலாமே என்று கேட்கலாம். 2023-இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, ஆறாம் நிலை வரை போனபோது நாங்கள் கற்றுக்கொண்ட பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது: வீட்டுக்குப் போகும்போது சுவரிலேயே எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் அதிர்ச்சியில் கம்ப்யூட்டர் போன அனுபவம் அவர்களுக்கு உண்டு. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நிலை மறுபடி வராது என்று நம்பித் திட்டம் போடவும் முடியாது. எனவே எந்த நேரத்தில் போட்டாலும் வேலை செய்கிற வழியே நமக்கு வேண்டும். நெட்வொர்க் வழியே மென்பொருளை அனுப்பி நிறுவும் பிடிக்யூ டிப்ளாய் போன்ற கருவிகளுக்கு அந்த நொடியில் கம்ப்யூட்டர் விழித்திருக்கவேண்டும். அதனால் அது எங்களுக்குச் சரிப்படவில்லை.

லேப்டாப்புகளுக்கு, இணையம் வழியே கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன்தான் சிறந்தது. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வாங்கியிருந்தால் அதிலேயே அடங்கியிருக்கிறது. வீட்டிலோ விமான நிலையத்திலோ எப்போது இணையத்தில் சேர்ந்தாலும், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் பேக்கேஜ் கட்டுவதும், நிறுவிவிட்டதா என்று கண்டறியும் விதி எழுதுவதும் பழகக் கொஞ்சம் நாளாகும். புதிதாகத் தொடங்கும் அலுவலகம் என்றால் குரூப் பாலிசி பக்கமே போகாமல் நேரே இதற்கு வாருங்கள் என்பேன்.

டிஃபால்ட் மென்பொருள் எது என்பதில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். விண்டோஸ் 8 முதல், பிடிஎஃப்பை எது திறக்கவேண்டும் என்ற தேர்வை ரெஜிஸ்ட்ரியில் ஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறியோடு சேர்த்து விண்டோஸ் வைக்கிறது. ஸ்கிரிப்டில் மாற்றினால் செல்லாது என்று தூக்கி எறிந்துவிடும். சரியான வழி: மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றில் கையால் அமைத்து, விண்டோஸோடு வரும் டிஸ்ம் கருவி மூலம் எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து, அதைக் குரூப் பாலிசியில் சுட்டிக்காட்டுவது. ஒவ்வொரு லாகினிலும் அது மறுபடி அமலாகும். மென்பொருள் முதலில் இறங்கியிருக்கவேண்டும், அதன் பிறகே இந்தப் பாலிசி. நான் வரிசையை மாற்றிச் செய்து ஒரு திங்கட்கிழமை முழுவதும் போனில் கழித்தேன்.

அப்டேட் விஷயத்தில் பல வழிகாட்டிகள் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டு, சோதித்துப் பார்த்து நாமே அனுப்பவேண்டும் என்பார்கள். அதற்கென்று ஆள் இருந்தால் சரி. நானும் வாரத்தில் மூன்று நாள் வரும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் இடத்தில், அணைத்தால் அணைத்ததுதான், அந்தச் சோதனை ஒரு நாளும் நடக்காது. பழைய பதிப்புகள் கிடந்ததற்குக் காரணமே யாரோ முன்பு அப்படி அணைத்துவைத்ததுதான். அடோபியின் அப்டேட் சர்வீஸ் பின்னணியில் ஓடுவதால் ஊழியருக்கு அட்மின் உரிமை கூடத் தேவையில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். எப்போதாவது ஏதாவது உடைந்தால் அன்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஆவணப் பிரிவு அக்கா தங்கள் கோயிலின் காவடி அறிவிப்புகளையும் தயார் செய்பவர். தமிழில் தட்டச்சு செய்து பிடிஎஃப்பாக்கினால் திரையில் அழகாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் சொல் கிடைப்பதில்லை, காப்பி செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன என்றார். பிடிஎஃப் சேமிப்பது எழுத்துகளின் வடிவங்களை. எந்த வடிவம் எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணை உள்ளே சரியாக இருந்தால்தான் தேடல் நடக்கும். 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னே வரையப்படுவதால் குழப்பம் கூடுகிறது. எல்லாருடைய வேர்டிலும் இரண்டு மாற்றம் செய்தேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை எடுத்துவிட்டு யூனிகோடு எழுத்துருக்களை வைத்தேன். பிரின்ட்டராகக் காட்டும் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுக்காமல், வேர்டின் சேமிக்கும் வழியில் பிடிஎஃப்/ஏ என்ற பெட்டியைக் குறித்துச் சேமிக்கச் சொன்னேன். பயன்படுத்திய எழுத்துருக்கள் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும். இடம் மாறுவது முழுவதும் தீரவில்லை, ஆனால் தேடினால் இப்போது பெரும்பாலான சொற்கள் கிடைக்கின்றன. இந்த ஊரில் தமிழில் அச்சாகும் கொஞ்சமும் பின்னாளில் யாராவது தேடினால் கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் ஐந்து பேருக்கு, அதிலும் அதிகம் குறை சொல்பவர்களாகப் பார்த்து, இரண்டு வாரம் கொடுத்தேன். அப்புறம் டர்பன், பிறகு பைன்டவுன், கடைசியில் சிட்டி டீப். எல்லாருடைய கையிலும் பிடிஎஃப்24 வந்து சேர்ந்த பிறகுதான் ஃபயர்வாலில் பிடிஎஃப்பை மாற்றித்தரும் அந்த இலவச இணையதளங்களைத் தடுத்தேன். முன்பே தடுத்திருந்தால் சொந்தப் போனில் படமெடுத்து அங்கிருந்து ஏற்றியிருப்பார்கள். இன்னும் சிட்டி டீப்பில் நான்கு லேப்டாப்புகள் பாக்கி. அடுத்த வாரம் அந்தப் பையனோடு உட்கார்ந்து அவற்றை இன்ட்யூனில் சேர்க்கவேண்டும்.